பிரபுவின் சப்பாத்து

அம்மருட் போகும் டி-பான் சுரங்க ரயிலில் என் எதிரே அக்காவும் தங்கையும் இருந்தார்கள். சப்பாத்தை விட்டுவிட்டு ஓடும் பெண்ணின் பழங்கதையை, இங்கிலாந்துப் பிரபுக்கள் காலத்துக் காதல் நாவலாகத் தங்கை எழுதியிருக்கிறாள்.

“நடனத்துக்கு வந்த பிரபுக்கள் வாசல்லை சப்பாத்தைக் கழட்டினவையோ? அதென்ன எங்கடை வீடே?” என்றாள் அக்கா.

“பதிப்பகமும் அதைத்தான் கேட்டது. நான் மாத்தேல்லை.”

“ஏன்?”

“அவள் அவசரத்திலை பிரபுவின்ரை சப்பாத்தை எல்லோ போட்டுக்கொண்டு ஓடுறாள். இனி அவன்தான் வீடு வீடாப் போய்க் காலை நீட்டவேணும்.”

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆரடி இதைப் புத்தகமாப் போடுவினம்?”

“கேள்வி கேட்ட அந்தப் பதிப்பகமேதான். அந்தச் சப்பாத்து இடத்துக்காகவே கதையை எடுத்தவை. இப்பதான் ஒப்பந்தத்திலை கையெழுத்து வைச்சிட்டு வாறன்.”