அன்டிவைரஸ் மருமகன்

தம்பி ஸாஹிர்,

வீட்டுக் கொம்பியூட்டருக்குத் தனியாக ஒரு அன்டிவைரஸ் தேவையில்லை என்பதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். அதோடு கூடவே வருகிற காவல் தாராளமாகப் போதும். எட்டு வருடமாக எனக்கு இது தெரியும்.

நேற்று ஓட்டமாவடியில் உங்கள் கொம்பியூட்டர் திருத்தும் கடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டுபோய்க் கேட்டீர்களே, "அண்ணன், காவல் தானா நிக்கல்ல. ஆரோ கையால நிப்பாட்டி இருக்காங்க. காலையில பத்து மணி பன்னிரண்டுக்கு. வீட்டுல ஆர் இருந்த?" என்று. மாமா முன்பக்கம் நின்றதால் பதில் சொல்ல வாய்ப்பில்லாமல் போயிற்று. அதுதான் எழுதித் தருகிறேன்.

வீட்டில் இருந்தது நான்தான்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். கலியாணம் முடித்தவன் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். நான் கிரானில் வயல் வட்டைக்குள் வளர்ந்தவன். கம்சாயினியைக் கட்டிக்கொண்டு பனிச்சங்கேணிக்கு வந்தபோது எனக்கு வலை வீசத் தெரியாது. வீசிய ஒரே நாளில் வலையோடு நானும் ஆற்றுக்குள் போனேன். மாமா வல்லிபுரம் சிரிக்கவில்லை. "பரவாயில்ல மகன்" என்று மட்டும் சொன்னார். அந்தப் பரவாயில்லை இன்றைக்கும் உறுத்துகிறது.

ஆனால் அந்த வீட்டில் ஒரு கொம்பியூட்டர் இருந்தது. எனக்கு ஆறு மாத வகுப்புப் படிப்பு இருந்தது. முப்பது நாளைக்கு இலவசமாகக் கிடைக்கும் ஓர் அன்டிவைரஸைப் போட்டேன். முப்பது நாள் முடிய வேறொன்றை மாற்றிப் போட்டேன். அந்த நாளில் யாரும் கொம்பியூட்டர்ப் பெட்டிக்குக் கிட்டப் போகக்கூடாது. சிவப்புக் கோடு ஓடி ஓடிப் பச்சையானதும் மாமி ஆச்சிப்பிள்ளை பெருமூச்சு விடுவார். இன்னொரு சட்டமும் வைத்தேன்: எந்தப் பென்ட்ரைவ் வீட்டுக்குள் வந்தாலும் முதலில் என் கைக்கு வர வேண்டும், நான் சோதித்துத் தந்த பிறகுதான் சொருகலாம். எட்டு வருடம் ஒருவரும் அந்தச் சட்டத்தை மீறவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கொடுவா மீனின் தலை என் தட்டில்தான் விழுந்தது.

தை மாதம் மாமாவின் இளைய மகள் மேனுகாவுக்குக் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை மதுரன், கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. வழக்கப்படி அவனும் வந்து சேர்ந்தான், நிறுவனம் கொடுத்த மடிக்கணினியோடு. நல்ல பிள்ளை. மரியாதை தெரிந்தவன். அதுதான் எனக்குக் கூடுதலாக வலித்தது.

"அண்ணன், இது என்னத்துக்கு?" என்று கேட்டான், எல்லோருக்கும் முன்னால். "மெஷினோட ஒண்டு சும்மாவே கிடக்குதானே. இது பெட்டிய இழுத்துப் புடிக்குது." என்னிடம் அனுமதி கேட்டுத்தான் கழற்றினான். நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

அன்று மாமாவின் கொம்பியூட்டர் அரை நிமிடத்தில் திறந்தது. அதற்கு முன்பெல்லாம் அதைப் போட்டுவிட்டுப் போய்க் குளித்துவிட்டு வருவார். மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். அந்த ஞாயிறு கொடுவாத் தலை மதுரனின் தட்டுக்குப் போயிற்று. என் தட்டில் வால் துண்டு. மாமி வேண்டுமென்று செய்யவில்லை, கை தானாகப் போனது. வேண்டுமென்று செய்திருந்தால் பொறுத்திருப்பேன்.

வைகாசியில் எல்லோரும் கண்ணகை அம்மன் கோவில் குளிர்த்திச் சடங்குக்குப் போனார்கள். வீடு பார்க்க நான் நின்றேன். மின்னஞ்சலில் முன்பின் தெரியாத ஒருவர் எனக்கொரு பொதி வந்திருப்பதாக எழுதி, கூடவே ஒரு கோப்பும் அனுப்பியிருந்தார். அது என்ன சாமான் என்று எனக்குத் தெரியும். திறந்தேன். காவல் தடுத்தது. மறுபடி திறந்தேன். மறுபடி தடுத்தது. மூன்றாம் முறையும் விடவில்லை. அந்தக் காவலில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன் தம்பி, மதுரன் சொன்னது முழுக்க உண்மை. பத்து பன்னிரண்டுக்கு நான்தான் அதை நிப்பாட்டினேன்.

ஒரு தும்மல் அளவுக்கு ஏதாவது வரும், நான் துடைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பெட்டி முழுக்கப் பூட்டிக்கொண்டது. மாமாவின் படங்கள், கலியாண வீடியோ, மேனுகாவின் ஆய்வு, எல்லாம்.

மேனுகாவின் ஆய்வைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு வருடமாக, கிழமைக்கொரு தரம், தோணியில் போய் ஆற்றில் நாற்பது இடத்தில் தண்ணீரின் உப்பு அளந்தவள். முகத்துவாரத்தைக் கடலுக்கு வெட்டித் திறந்துவிட்ட வெள்ளத்திலும் அளந்தாள். அந்த வெள்ளம் இனித் திரும்பி வராது. அந்தக் கணக்கில்லாமல் அவளுக்குப் பட்டம் இல்லை. இணையத்தில் ஒரு பிரதி வைக்கும்படி மதுரன் சொல்லியிருக்கிறான். இணையத்தில் வைத்தால் ஊரான் பார்ப்பான் என்று அதற்கு வெகுமுன்பே நான் சொல்லியிருந்தேன். அவள் என் பேச்சைத்தான் கேட்டாள். பென்ட்ரைவில் ஒரே ஒரு பிரதி வைத்திருந்தாள்.

அந்தப் பென்ட்ரைவைக் குளிர்த்திக்கு இரண்டு நாள் முன்பு, சட்டப்படி, சோதிக்கச் சொல்லி என்னிடம் தந்திருந்தாள்.

"அத்தான், என்ட பென்ட்ரைவ்?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"அது பெட்டியிலதான் சொருகிக் கிடந்த, புள்ள. அதையும் சேத்துத் திண்டுட்டு" என்றேன்.

அவள் அழவில்லை. மதுரனைத் திரும்பிப் பார்த்தாள். நான் அந்தப் பார்வையை எதிர்பார்க்கவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை. மாமா அவனோடு பேசுவதை நிறுத்தினார். "சும்மா கிடந்த காவலக் கழட்டினதால வந்த வினை" என்று மாமி அடுக்களையிலிருந்து சொன்னார். மூன்றாம் கிழமை அவன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டான். மேனுகா வாசல்வரை போகவில்லை. இப்போது மறுபடி தோணியில் போய் உப்பு அளக்கிறாள். துணைக்கு நான்தான் போகிறேன். பாவம், தனியாக எப்படி விடுவது?

கொடுவாத் தலை எனக்குத் திரும்பி வந்திருக்கிறது. ருசியாகத்தான் இருக்கிறது.

நான் கெட்டவன் இல்லை தம்பி. யோசித்துப் பாருங்கள், அந்த வீடு இப்போது எவ்வளவு எச்சரிக்கையாக இருக்கிறது. யாரும் கண்டதைத் திறப்பதில்லை. புதிதாக ஓர் அன்டிவைரஸ் போட்டுத் தரச் சொல்லி மாமாவே என்னிடம் கேட்டார். பெட்டியை நீங்கள் மீட்க முடியாது என்று சொல்லிவிட்டீர்கள், அதுவும் சரி. பத்து பன்னிரண்டு விடயத்தை மட்டும் மாமாவிடம் சொல்ல வேண்டாம். வயதானவர், தாங்க மாட்டார்.

மேனுகாவின் பென்ட்ரைவ் என் சட்டைப் பையில் பத்திரமாக இருக்கிறது. அதை அவளிடம் கொடுக்கத்தான் போகிறேன், பிறத்தியார் உழைப்பு எனக்கெதற்கு? ஆனால் சோதிக்காமல் எப்படிக் கொடுப்பது? அந்த வீட்டின் பொறுப்பு என்னுடையது. இன்றோடு நாற்பத்தொரு நாளாகச் சோதித்துக்கொண்டிருக்கிறேன். ஆய்வை ஒப்படைக்க வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள் என்கிறாள்.

என் சோதனை சனிக்கிழமைக்கு முன்னால் முடியாது போலிருக்கிறது.