முதல் பத்து நிமிடம்

திரையரங்கில் துடைப்பம் பிடிப்பவனுக்கு எந்தப் படமும் முழுசாகக் கிடைப்பதில்லை, ஐயா. விளக்கு அணைந்ததும் கதவோரம் நிற்பேன். தாமதமாக வருகிறவர்களுக்கு டார்ச் அடித்து இடம் காட்டுவேன். பத்து நிமிடம் ஆனதும் கழிப்பறை கழுவப் போய்விட வேண்டும். அதனால் பதினெட்டு வருடமாக எனக்குப் பேய்ப் படங்களின் தொடக்கம் மட்டும்தான் தெரியும். அதுவே போதும். பயம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

பேயை எடுத்த எடுப்பில் காட்ட மாட்டார்கள். ஒரு வீடு, வெயில், கொடியில் துணி காய்கிறது. எதுவும் நடக்காது. அப்புறம் ஏதாவது ஒரு சத்தத்தை எடுத்துவிடுவார்கள், குருவியோ கடிகாரமோ. ஒரு பொருள் நான்கு விரற்கடை தள்ளி இருக்கும். ஏனென்று சொல்ல மாட்டார்கள். நான் திரையைவிடக் கால்களைத்தான் அதிகம் பார்ப்பேன். மிரண்டவர்கள் தங்களுக்கே தெரியாமல் பாதத்தைத் தரையிலிருந்து தூக்கிக்கொள்வார்கள். வரிசை வரிசையாகக் கால்கள் மேலே போகும்போது எனக்கு ஊஞ்சலில் ஏறினது போல இருக்கும்.

என் மனைவியின் அண்ணன் ஒரு வாரம் தங்க வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. எங்களுக்கு இருப்பது ஒரு அறை, ஒரு சமையலறை. ஜன்னலோரக் கட்டில் அவருக்கு. பரீட்சைக்குப் படிக்கிற என் மகள் கேஸ் சிலிண்டர் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தாள். நான் வேலை முடிந்து வந்தால் படுத்தபடியே கேட்பார்: "என்ன மாப்ள, இன்னிக்குச் சீட்டுக்கு அடியில என்ன புதையல்? கடிச்ச பாப்கார்னா, கடிக்காததா?" என் மனைவி சிரிப்பாள். நானும் சிரிப்பேன். அவர் வீட்டை விட்டுப் போக வேண்டும். அவ்வளவுதான் என் எண்ணம்.

காலைக் காட்சிக்கும் மதியக் காட்சிக்கும் நடுவே எனக்கு ஒரு மணி நேரம் ஓய்வு. வீடு இரண்டு தெரு தள்ளி. மனைவி தையல் ஆலையில், மகள் பள்ளியில். மச்சான் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டேன். முதல் நாள் கடிகாரத்தின் பாட்டரியைக் கழற்றினேன். மறுநாள் நாற்காலியைக் கட்டில் பக்கம் நான்கு விரற்கடை நகர்த்தினேன். அடுத்த நாள் இன்னும் நான்கு. ஒரு நாள் ஈரக் கால்தடம், ஒன்றே ஒன்று. அவசரப்படவில்லை. பத்தாம் நாள் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். பட்டப்பகலில், கட்டிலின் நட்டநடுவில், இரண்டு பாதத்தையும் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படியிறங்கும்போது எனக்கு விசிலாக வந்தது. அன்று கழிப்பறையைப் பாட்டுப் பாடிக் கழுவினேன்.

சாயங்காலம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்ள, சிரிக்காத. இந்த வீட்ல நம்மளத் தவிர வேற யாரோ இருக்காங்க. பிள்ளையை வச்சுக்கிட்டு நீங்களும் இங்க இருக்காதீங்க. நான் நாளைக்கு மத்தியானம் கிளம்பறேன்."

"உடம்பைப் பாத்துக்குங்க மச்சான்," என்றேன்.

மறுநாள் மதியம் போனபோது உள்ளே பெட்டி இழுபடும் சத்தம் கேட்டது. வெளித்தாழ்ப்பாளை மெல்லப் போட்டேன். அவர் கதவை இழுத்துப் பார்த்தார். "யாரு? மாப்ள, நீயா?" பேய்ப் படத்தின் தொடக்கத்தில் பதில் வரக் கூடாது. கதவிடுக்கில் வாயை வைத்து மெதுவாக மூச்சு மட்டும் விட்டேன். அவ்வளவு பெரிய ஆள் உள்ளே அம்மாவைக் கூப்பிட்டு அழுதார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த துடைதுணியை எடுத்து வாயில் திணித்துக்கொண்டேன். அப்புறம் ஜன்னல் திறந்தது. குழாயைப் பிடித்து இறங்கப் பார்த்திருக்கிறார். எங்கள் வீடு மூன்றாம் மாடி. கீழே தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. நான் தாழ்ப்பாளை எடுத்துவிட்டு மதியக் காட்சிக்குச் சரியான நேரத்துக்குப் போய்விட்டேன்.

"ஆளு பெட்டியோட கிளம்பிட்டாரு. அவர் போகணும்னுதானேய்யா நீ ஆசைப்பட்ட? அப்புறம் எதுக்குத் தாழ்ப்பாள் போட்ட?" என்று ஸ்டேஷனில் உட்கார வைத்து மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள்.

மறைக்க என்ன இருக்கிறது, ஐயா. கதவு திறந்திருந்தால் அவர் போயிருப்பார். அதன் பிறகு மத்தியானத்தில் எனக்கு என்ன இருக்கிறது?