அம்மாசியின் ஒரு நாள் வேலை

தரையில எதுக்குங்க, அந்த நாற்காலியிலயே உக்காருங்க. உக்காரத்தானே போட்டிருக்கு. சாமி கீமின்னு கூப்பிடாதீங்க, எனக்கு உங்க பையன் வயசுதான். கிண்டி காலேஜ்ல அம்மாசியும் நானும் ஒரே வகுப்பு, பக்கத்துப் பக்கத்து மேசை. லீவு முடிஞ்சு வரப்ப நீங்க கடலை குடுத்து விடுவீங்களே, அதுல பாதி என் வயித்துக்குள்ளதான் போச்சு.

இல்லைங்க, அவன் இப்ப இங்க இல்ல. இந்தப் பம்பு ரூமுக்கு நான்தான் இஞ்சினியர். ரங்கூன்லேருந்து மணியார்டர் வருதுல்ல, அங்கதான் இருக்கான். நல்லா இருக்கான்.

வையம்பட்டியில என்ன பேசிக்கிறாங்க? எதையோ திருடி மாட்டிக்கிட்டான்னா? அதைக் கேட்டுக்கிட்டு நீங்களும் ரயில் ஏறி வந்துட்டீங்க. இருங்க, என்ன தப்பு பண்ணான்னுதானே கேக்குறீங்க, அதுக்குத்தான் வரேன்.

பரீட்சை முடிஞ்சதும் ரெண்டு பேரும் சேந்துதான் வேலைக்கு எழுதிப் போட்டோம். ரங்கூன்ல ஒரு அரிசி மில்லு, அங்கேருந்து ரெண்டு பேருக்கும் லெட்டர் வந்துச்சு. சம்பளம் நூத்தி இருபது. அவனுக்கு மட்டும் இங்கேருந்தும் ஒண்ணு வந்துச்சு, எழுபத்தஞ்சுக்கு. அவன் யோசிக்கவே இல்ல. ஸ்ரீரங்கம்தான்னுட்டான். ஞாயித்துக்கிழமை ரயிலப் புடிச்சா அப்பாவப் பாத்துட்டு வந்துடலாம், அவருக்குக் கண்ணு மங்கிக்கிட்டு வருதுன்னான். என்கிட்டதான் சொன்னான்.

எனக்கு ரங்கூன் ஒண்ணுதான். எங்க வீடு மலைக்கோட்டைக்குக் கீழ, அப்பாவுக்குத் தானியக் கடை. எனக்குப் பேசி வச்சிருந்த பொண்ணு வீட்டுல, கடல் தாண்டிப் போறதா இருந்தா வேற எடம் பாத்துக்கன்னு சொல்லிட்டாங்க.

இது சர்க்கார் வேலை இல்லைங்க. ஒரு பணக்கார வியாபாரி வச்ச தர்மம். காவேரித் தண்ணிய எறைச்சு, தொட்டியில ஏத்தி, சத்திரங்களுக்குக் குழாயில விடுறது. கமிட்டி இருக்கு, தலைவரு இருக்காரு. மார்க்கைப் பாத்துட்டு ஆளப் பாக்காமயே வேலை குடுத்துட்டாங்க. திங்கக்கிழமை வந்து சேந்தான். பம்பைப் பாத்தான், ஏணியப் போட்டுத் தொட்டியில ஏறிப் பாத்தான். சாயந்தரம் தலைவரு காப்பி வரவழைச்சு, உங்க ஊர்ல நீ எந்தப் பக்கம்னு கேட்டாரு. இவன் மறைக்கல. எதுக்கு மறைக்கணும்?

அவ்வளவுதாங்க. காப்பி தம்ளரத் தூக்கித் தெருவுல எறிஞ்சாங்க. விடியறதுக்குள்ள தொட்டியக் காலி பண்ணி, மஞ்சத்தண்ணி விட்டுத் தேச்சு, மந்திரம் சொல்லி, மாவிலை கட்டி. சீ. எந்தத் தண்ணி தெரியுமா இது? இதே ஆத்துல அந்தாண்ட எருமை குளிக்குது, கழுதை மேல அழுக்கு மூட்டை வந்து எறங்குது. படித்துறையில இவங்களே பல்லு வெளக்கித் துப்புறாங்க. வடிகட்டுற மணல வாரத்துக்கு ஒரு தடவை வாரிப் போடுறேன். போன வாரம் அழுகின எலி ரெண்டு வந்துச்சு. அந்தத் தண்ணிய வெள்ளிச் செம்புல புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிறாங்க. அதுல தீட்டு இல்ல. கிண்டியில படிச்சவன் ஏணியில ஏறினாத்தான் தீட்டு.

பேசுறது என்னவோ தேனாட்டம் இருக்கும். தங்கமான பையன், கெட்டிக்காரப் பையன்பாங்க. சத்திரத்துக் கக்கூஸ்களுக்குச் சாக்கடை கட்டணும், அதைப் பாத்துக்கட்டும், பத்து ரூபா கூடவே தரோம்னு சொன்னாங்க. அதைச் சொல்லிட்டு ஒருத்தர் சிரிச்சாரு பாருங்க, இப்ப நெனச்சாலும் வாயில எச்சி ஊறுது துப்புறதுக்கு.

இல்லைங்க, அவன் கத்தல. ஒரு வார்த்தை தப்பா பேசல. நெசமாத்தான் சொல்றேன்.

வேலை குடுத்து எழுத்து மூலமா லெட்டர் போட்டாச்சுல்ல, சும்மா போன்னு சொல்ல முடியாது, வக்கீலு வைப்பானோன்னு பயம். அதனால ஜனங்களே மனு குடுத்த மாதிரி ஒண்ணு வேணும். அதுவும் ஜாதின்னு அப்பட்டமா இருக்கக் கூடாது. செவ்வாக்கிழமை தலைவரு எங்க கடைக்கு வந்தாரு, எங்கப்பாவுக்குத் தெரிஞ்சவருதான். வந்து, உங்க பையனும் இஞ்சினியருக்குத்தானே படிச்சிருக்கான்னு ஆரம்பிச்சாரு. காலி ஆகப் போற எடத்தைப் பத்தியும் சொன்னாரு.

மனு நல்லாத்தான் இருந்துச்சு. யார் மேலயும் துவேஷம் கெடையாதாம். புது இஞ்சினியரு தொட்டியத் தொடுற ஒவ்வொரு தடவையும் ஜனங்க திருப்திக்காகக் காலி பண்ண வேண்டியிருக்கும், தடவைக்கு நாப்பதாயிரம் கேலன் வீணாகும், தர்மச் சொத்துக்கு நஷ்டம், அப்படின்னு. ஜாதிங்கிற வார்த்தையே இல்ல. இப்படி இங்கிலீஷ்ல எழுதணும்னா படிச்சவன் வேணும்ல. நான்தான் எழுதினேன்.

உக்காருங்க. சரி, நில்லுங்க. எனக்கும் நின்னுக்கிட்டுச் சொல்றதுதான் சரி.

அம்மாசியக் கூப்பிட்டுத் தலைவரு அதை நீட்டுனப்ப நானும் அங்க இருந்தேன். காலேஜ்ல எத்தன தடவை என் நோட்ட வாங்கிப் படிச்சிருப்பான், என் கையெழுத்து அவனுக்குத் தெரியாதா. கடைசி வரைக்கும் படிச்சான். சட்டைப் பையிலேருந்து பென்சில எடுத்தான். நாப்பதாயிரத்த அடிச்சுட்டு, மேல இருபத்தெட்டாயிரம்னு எழுதினான். அளந்து பாக்காம எழுதாதடான்னு என்கிட்ட சொன்னான். அந்த வாரமே ரங்கூனுக்குத் தந்தி அடிச்சுட்டான்.

ஊர்ல போய்ச் சொல்லுங்க, உங்க பையன் ஒரு தப்பும் பண்ணல. அவன் போனப்புறம் தொட்டிய நானும் அளந்து பாத்தேங்க. இருபத்தெட்டாயிரம்தான்.