அஜீஸுன்னிசாவின் இடக்கையும் ஆறாவது வரியும்

கூட்டத்துக்குத் தலைமை வகிக்கும் சங்கச் செயலாளர் செங்கல்வராயன் அவர்களே, பெரிய மாலையோடு வந்திருக்கும் மேனேஜர் ஐயா அவர்களே, ஆம்பூரிலிருந்தும் மாதனூரிலிருந்தும் வந்திருக்கும் தையல் பிரிவுப் பெண்களே, தாயை இழந்து நிற்கும் ரஃபத் ஜஹானே, எல்லாருக்கும் என் வணக்கம்.

பதினொரு நாளைக்கு முன் மறைந்த நம் சங்கத் துணைத் தலைவி அஜீஸுன்னிசா அவர்களுக்குப் பக்கத்தில், ஒரே பெஞ்சில், ஏழு வருஷம் உட்கார்ந்து ஷூ தைத்தவள் நான். அவரை முதலில் திட்டியவளும் நான்தான். அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்ந்தால் அந்தப் புகழுக்கு என்ன மதிப்பு?

ஷூவின் முன்பக்கத் தோலைச் சுருக்கிச் சுருக்கிக் கையால் தைப்பது எங்கள் வேலை. எழுபத்தொன்பதாம் வருஷத்தில் ஒரு ஜோடியின் இடது காலை ஒருத்தி தைப்பாள், வலது காலைப் பக்கத்தில் இருப்பவள் தைப்பாள். அஜீஸுன்னிசாவுக்கு இடது கைப் பழக்கம். அவர் போட்ட சுருக்கம் ஒரு பக்கம் சாய்ந்தது, நான் போட்டது மறுபக்கம் சாய்ந்தது. செக்கிங்கில் அன்று தைத்த பன்னிரண்டு ஜோடியும் திரும்பி வந்தது.

"உன் பீச்சாங்கையால எனக்கும் பேஜாரு" என்றேன்.

"உன் கையும்தான் அதுல இருக்குது ரங்கம்மா. என்னுத மட்டும் இன்னாத்துக்குத் திட்டுற?" என்றார்.

சூப்பர்வைசர் ஜம்புலிங்கம் வந்தார். "இன்னா பாயம்மா, ஊரே ஒரு பக்கம், நீ ஒரு பக்கமா? சோத்துக் கையால தை."

மூன்று நாள் வலக்கையால் தைத்தார். விரலெல்லாம் ஊசி ஏறியது. நான்காம் நாள் எழுந்து நின்றார். "ரெண்டு காலையும் எங்கிட்டயே குடு சார். ஒண்ணு திரும்பி வந்தாலும் நானே வேலைய விட்டுப் போய்டறேன்."

ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து தையல் பிரிவில் யார் எந்தக் கையால் தைத்தாலும் ஜோடி முழுதும் அவளுக்கே என்று ஆனது. அதை வாங்கிக் கொடுத்தவர் யார்? அஜீஸுன்னிசா. சுற்றி நின்று வேடிக்கை பார்த்தவர்கள் யார்? நாம்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். புதன்கிழமை கம்பெனியில் நம் எல்லாருக்கும் கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு தாள் கொடுத்தார்கள். 'மறைந்த அஜீஸுன்னிசா விரும்பிய சுதந்திரத்தை மதித்து, இனி அவரவர் வீட்டிலேயே, அவரவர் விருப்பப்படி தைக்கலாம்.' படித்ததும் எனக்கும் கண் கலங்கியது. எங்கள் பிரிவில் கைக்குழந்தைக்காரி பூரணி என்னிடம், "நல்லதுதானே ஆயா, புள்ளையும் பார்த்துக்கலாம்" என்றாள். அவள் ஆசையில் தப்பில்லை.

ஆனால் நான் அஞ்சாவது வரை படித்தவள். தாளைக் கடைசி வரை படிக்காமல் கையெழுத்து வைக்க மாட்டேன். ஆறாவது வரி என்ன சொல்கிறது? 'எங்களைக் கம்பெனியின் தொழிலாளிகள் என்று கோர மாட்டோம்.' அப்படியானால் மஸ்டரில், அந்த ஆஜர் பதிவேட்டில், நம் பெயர் இல்லை. உடம்புக்கு வந்தால் ஆஸ்பத்திரிச் சீட்டு இல்லை. அஜீஸுன்னிசா கடைசி நாலு மாதம் எந்தச் சீட்டைக் காட்டி மருந்து வாங்கினார் என்று அவர் மகளைக் கேளுங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். அவர் பெயர் இருக்கும் வரி மட்டும் டைப் அடித்தது. மற்றதெல்லாம் அச்சு. அச்சின் ஓரத்தில் போன மாதத் தேதி இருக்கிறது. அந்தத் தேதியில் அவர் உயிரோடு இருந்தார். அப்போது இந்தத் தாளை அவரிடம் ஏன் காட்டவில்லை? காட்டினால் என்ன சொல்வார் என்று தெரிந்துதானே?

அவர் கேட்டது தன் கையால் தைக்கிற உரிமையை. பெஞ்சை விட்டு இறக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை. வீட்டில் தைக்கிறவள் வீட்டிலும் தைக்கட்டும், பெயர் மஸ்டரில் இருக்கட்டும். இரண்டையும் தருவது சுதந்திரம். ஒன்றைத் தந்து மற்றதைப் பிடுங்குவதற்கு என்ன பெயர் என்று மேனேஜர் ஐயாதான் சொல்ல வேண்டும்.

அஜீஸுன்னிசா அவர்களே, உங்களைத் திட்டிய வாயால் சொல்கிறேன். ஆறாவது வரியைக் கோடு போட்டு அடித்து, அடித்த இடத்தில் கம்பெனி முதலில் கையெழுத்துப் போடும் வரை எங்களில் ஒருத்தியும் கையெழுத்துப் போட மாட்டாள். திங்கட்கிழமை காலை ஏழரைக்குத் தையல் பிரிவின் நாற்பத்திரண்டு பேரும் கேட்டில் நிற்போம். மஸ்டரைப் பார்த்து வரிசையாகப் பெயரைக் கூப்பிடட்டும். கூப்பிடாவிட்டால் எங்கள் பெயரை நாங்களே சொல்வோம், ஒவ்வொருத்தியாக, உரக்க.