பதினாறாவது தோள்

— இன்னா மாமா இது? கோயில் சுவத்துல ஒட்டின லிஸ்ட்ல எங்க வீட்டுப் பேரக் காணோம். மறந்துட்டீங்களா?

— மறக்கல சௌந்தரம். நான்தான் எடுத்தேன். ஸ்டூல இப்படிப் போடு, உக்காந்து சொல்றேன்.

— நின்னுக்கினே சொல்லுங்க. சாயந்தரம் சாமி கெளம்புது. பேர் இல்லன்னா பல்லக்கு எங்க கடை வாசல்ல நிக்காது. அவரு பாத்திரக்கடை தொறந்த வருசத்துலருந்து நின்ன வாசல் இது.

— எனக்குத் தெரியாதா? எந்தம்பி கடை. ஆனா கட்டுப்பாடுன்னு ஒண்ணு கீது. லிஸ்ட்ல ஒரு வீடு தலைக்கட்டுன்னு நிக்கணும்னா பல்லக்குக்கு ஒரு தோள் குடுக்கணும். அவன் போனப்பறம் எங்க வீட்டுக்கு நான், உங்க வீட்டுக்கு எம்மவன் சரத்னு ஓட்டினோம். இந்த வருசம் சரத்துக்கு பெங்களூர்ல லீவு இல்ல. உங்க வீட்ல தோள் எங்க?

— எம்பொண்ணு நிக்கறா, பாருங்க.

— ரூபாவா? வெளையாடாத.

— நான் ரெடி பெரியப்பா. பரண்மேல கீற அண்டாவெல்லாம் நான்தான் ஏத்தி எறக்கறேன். சும்னே சொல்லல.

— நீ சும்மா இரு கண்ணு. சௌந்தரம், பேர் போனாப் போவுது, மனசுல வச்சிக்காத. அன்னதானத்துக்குக் காய் அரிய கை பத்தல. உங்க வீட்லருந்து ரெண்டு கை அனுப்பு.

— நல்லா கேட்டீங்க மாமா. பந்தின்னா எத்தன வாய்னு கேட்டு எல போடறீங்க. அடுப்படின்னா எத்தன கைன்னு கேக்கறீங்க. தலைய எண்ணறப்ப மட்டும் நாங்க ரெண்டு பேரும் எங்க போயிடறோம்?

— வாய்னா, கைன்னா இன்னா, ஆளத்தானே சொல்றோம்? பேச்சுல வர்றதுதான. அதப் போய் புடிச்சிக்கினு.

— தலைன்னா?

— தலைன்னா ஆம்பள. எங்க தாத்தா காலத்துலருந்து அப்படித்தான்.

— சரி, எத்தன தோள் சேந்திருக்கு? அதச் சொல்லுங்க.

— பதினஞ்சு.

— எத்தன வேணும்?

— பதினாறு. ஊரிகம் ஸ்டேஷன்ல காலையில பெங்களூர் ரயில் பாதி ஊர வேலைக்கு அள்ளிக்கினு போயிடுது, நான் இன்னா பண்றது? ஆண்டர்சன்பேட்லருந்து ஒருத்தன வரச் சொல்லிக்கீறேன்.

— பேர் தெரியாதவன் தோள் ஆவும், உங்க தம்பி பொண்ணு தோள் ஆவாது.

— ஆவாதும்மா. நம்ம வம்சத்துல எந்தப் பொம்பள தோள்லயும் பாரம் ஏறினதில்ல. இனியும் ஏறாது.

— சொல்லிடட்டுமாம்மா?

— வேணாம் ரூபா. நாலு வருசமா சொல்லல.

— இன்னாது? எங்கிட்ட இன்னா சொல்லல?

— லாக்டவுன்ல அப்பா போனப்ப நீங்க எங்க இருந்தீங்க பெரியப்பா?

— பேத்தமங்களாவுல மாட்டிக்கினேன். போலீஸ் வுடல. அத ஏன் இப்பக் கெளர்ற? இன்னிக்கும் எனக்கு ஆறல. பக்கத்துக்கடை மஞ்சுநாத்துக்குப் போன் போட்டு அழுதேன். எந்தம்பியத் தூக்க நாலு தோள் சேந்துச்சாடான்னு கேட்டேன். சேந்துச்சுன்னான். அந்த ஒரு வார்த்தையிலதான் நான் அன்னிக்கி சோறு தின்னேன்.

— சேந்துச்சு பெரியப்பா. மூணு, மஞ்சுநாத் அண்ணன் கூட்டியாந்தாரு. நாலாவது, அப்பாவோட தலமாட்டுல, நான்.