ஜூனிப்பர் பழம் பறிக்கப் போனவர்

மூஸ் மான் இறைச்சியை மட்டும் அவசரப்படுத்தவே கூடாது. குதிரை உயர மிருகம்; காடெல்லாம் நடந்து இறுகிய சதை. மண்சட்டியில் துண்டுகளை அடுக்கி, நடுநடுவே பன்றிக் கொழுப்பு, வெங்காயம், நசுக்கிய ஜூனிப்பர் பழம் போட்டு, ரொட்டி சுட்டு முடித்த கல்லடுப்பின் அடங்கிய சூட்டில் விட்டுவிட வேண்டும். கரண்டி பட்டாலே பிரியும். உங்கள் வீட்டில் மின்சார அடுப்பு என்றீர்கள். பாவம், அதில் வேகும், பதம் வராது.

சாப்பிட்டுக்கொண்டே கேளுங்கள் ஐயா. தட்டைத் தொடாமல் என்னையே பார்த்தால் எப்படி? அதில் ஒன்றும் கலக்கவில்லை. நான் அப்படிப்பட்டவள் இல்லை.

என் கணவர் தௌனோ தங்கமான மனிதர். இடுப்பு வலி வந்ததும் வேட்டையை விட்டுவிட்டார். போன கோடையில் காபி குடித்துக்கொண்டே சொன்னார்: "இர்யா, வீட்டையும் காட்டையும் வித்துடலாம்னு இருக்கேன். டவுன்ல லிஃப்ட் வச்ச ஃபிளாட் ஒண்ணு பாத்துட்டேன்."

"அப்போ அடுப்பு?"

"அடுப்பைத் தூக்கிட்டா போக முடியும்? அங்க சின்னதா ஒண்ணு இருக்கு. ரெண்டு பேருக்கு அது போதாதா?"

இரண்டு பேருக்காம். மூன்று பிள்ளைகள் பெற்றவள் நான். மகள் மார்கெத்தா ஹெல்சிங்கியில், பையன்கள் இருவரும் ஸ்வீடனில். இலையுதிர்காலத்து மான் சட்டிக்காகத்தான் அவர்கள் வருவதே. கொஞ்ச வருடமாக அதற்கும் வரவில்லை, வேலை. வீடு இருந்தால் என்றைக்காவது வருவார்கள். வீடு போனால் எங்கே வருவார்கள், லிஃப்டுக்கா? கெஞ்சிப் பார்த்தேன். சிரித்தார். இலையுதிர்காலம் வந்ததும், வெள்ளிக்கிழமை கையெழுத்து என்று பேசி முடித்துவிட்டார்.

எங்கள் வேட்டைக் குழுவுக்குச் சமையல் நான்தான். எந்தப் பக்கம் நாயை விடுகிறார்கள், யார் எங்கே நிற்கிறார்கள் என்பது காலையில் எனக்குத் தெரிந்துவிடும். காபி கொண்டுபோக வேண்டுமே. கையெழுத்துக்கு முந்தின நாள், வியாழக்கிழமை, வேட்டை சதுப்பு ஓரம் என்றார்கள். பக்கத்து வீட்டு ரெய்யோவுக்கு அங்கே ஜூனிப்பர் புதருக்கு எதிரே இடம்.

தௌனோவிடம் வேட்டை ஏரிக்கு அந்தப் பக்கம் என்று சொன்னேன். சதுப்போரத்து ஜூனிப்பர்தான் வாசம், ஒரு கிண்ணம் பறித்து வா என்றேன். வேட்டை நாளில் பழம் பறிக்கப் போகிறவர்கள்கூட, தூரத்திலிருந்தே மனிதர் என்று தெரிவதற்கான ஆரஞ்சு மேல்சட்டை இல்லாமல் காட்டுக்குள் காலை வைப்பதில்லை. அவரும் தேடினார்.

"என் ஆரஞ்சுச் சட்டை எங்க இர்யா?"

"தோய்ச்சுப் போட்டிருக்கேன், ஒரே அழுக்கு. இந்தப் பக்கந்தான் யாரும் இல்லையே, அந்தப் பழுப்புக் கோட்டைப் போட்டுக்கோ. குளிருது பாரு."

"நல்ல சுத்தக்காரி நீ" என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

அலமாரியில் ஒரு ஜாடி நிறைய ஜூனிப்பர் இருந்ததே என்கிறீர்கள். நல்ல கண் ஐயா உங்களுக்கு. அது போன வருடத்துப் பழம்.

வெடிச் சத்தம் கேட்டபோது உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். மான்தான் விழுந்தது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்வதில் தப்பில்லையே. நாய் குரைத்த புதரில் பழுப்பாக அசைந்ததும் மான் என்று ரெய்யோ சுட்டிருக்கிறான். இந்த வாசலில் வந்து மண்டியிட்டு அழுதான்.

"என்னை அடி இர்யா, திட்டு, ஏதாவது செய்!"

"எந்திரி ரெய்யோ. நீ வேணும்னேவா செஞ்ச?" என்றேன்.

அன்றிலிருந்து வாராவாரம் அவனுக்கு ஒரு சட்டி அனுப்புகிறேன். துப்பாக்கியைத் தொடுவதில்லையாம், தூக்கம் போய்விட்டதாம், அவன் மனைவி சொல்லி அழுகிறாள். கேட்கவே சங்கடமாக இருக்கிறது. உண்மையைச் சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் என் சமையலை அவன் தொடமாட்டானே.

போலீஸ் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்து சொன்னது மார்கெத்தாதான் என்று எனக்குத் தெரியும். கொடியில் தொங்கிய ஆரஞ்சுச் சட்டையைப் பார்த்ததும் அவள் முகம் மாறியதைக் கவனித்தேன். பரவாயில்லை. எழுதிக்கொள்ளுங்கள்: சட்டையைத் தண்ணீரில் போட்டதும் நான்தான், அங்கே ரெய்யோ நிற்பது தெரிந்தே அவரை அனுப்பியதும் நான்தான்.

ஆனால் சாவுக்கு மூன்று பேரும் வந்தார்கள் ஐயா, பேரப்பிள்ளைகளோடு. மேஜை கொள்ளாமல் பக்கத்து வீட்டிலிருந்து பெஞ்சு வாங்கிப் போட்டேன். பெரியவன் அழுதுகொண்டே இரண்டாம் முறை தட்டை நீட்டினான். சட்டியின் அடிவரை வழித்துவிட்டார்கள். தௌனோ மட்டும் கூட உட்கார்ந்து அதைப் பார்த்திருந்தால், வீட்டை விற்கிற பேச்சையே எடுத்திருக்கமாட்டார்.