நிலா விழுந்துக்கிட்டேதான் இருக்கு

— ...அதுக்காக ஏசியை ஏன் நிறுத்தின? வேர்த்துக் கொட்டுது.

— ஏசி போட்டா அந்த இரைச்சலும் சேர்ந்து பதிவாகும். இருபது வருஷமா இந்தக் கோளரங்கத்துல பேசறீங்க, இது கூடத் தெரியாதா?

— பேசறது என் வேலை. பட்டன் தட்டறது உன் வேலை. அமுக்கிட்டியா, கத்திரி?

— இன்னும் இல்லை. கட்டின பொண்டாட்டியைக் கத்திரின்னு கூப்பிடற ஆள் நீங்க ஒருத்தர்தான்.

— என் பேச்சை வெட்டி வெட்டி ஒட்டறவளை வேற எப்படிக் கூப்பிட?

— மைக்கைக் கிட்ட இழுத்துக்கிட்டு சும்மா ஏதாவது பேசுங்க. சத்தம் சரியா இருக்கான்னு பாக்கணும்.

— என்னத்தைப் பேச? நாளைக்குக் காலைல தொண்டைல கத்தி வைக்கப் போறாங்க. அதைப் பேசவா?

— ...வெந்நீர் குடிங்க முதல்ல.

— குடிச்சாச்சு. குரல் திரும்பி வரலாம், வராமலும் போகலாம்னு டாக்டர் சொல்றாரு. வானிலை அறிக்கை வாசிக்கிற மாதிரி.

— நிலாவுக்கு வாங்க.

— வந்தேன். "குழந்தைங்களா, நிலா ஏன் கீழ விழலை தெரியுமா? அது விழுந்துக்கிட்டேதான் இருக்கு. பூமியோட ஈர்ப்பு அதை இழுக்குது. ஆனா நிலா பக்கவாட்டுல அவ்வளவு வேகமா ஓடுது. அது விழ விழ, பூமியும் உருண்டையா வளைஞ்சு விலகிடுது. அதனால தரைக்கு வந்து சேரறதே இல்லை." எப்படி?

— ஈர்ப்பே இல்லைன்னா?

— நேரா போயிட்டே இருக்கும், திரும்பியே பாக்காது. ஓட்டம் நின்னா நம்ம தலைல வந்து விழும். ரெண்டும் இருக்கறதாலதான் சுத்துது. அமுக்கிட்டியா?

— இன்னும் இல்லைங்க. நீங்க ஒண்ணை விட்டுட்டீங்க.

— எதை?

— நிலாவும் பூமியை இழுக்குதுல்ல? நீங்க என்னமோ பூமி ஆணி அடிச்ச மாதிரி நிக்குதுன்னே சொல்றீங்க. அதுவும் ஆடுது, கொஞ்சூண்டு.

— கொஞ்சூண்டுதானே. குழந்தைங்களைக் குழப்ப வேண்டாம்னு விட்டேன்.

— நிலா பக்கம் நின்னு பாருங்க. அது சின்ன விஷயம் இல்லை.

— நிலாவுக்கு வக்கீலா நீ? சரி, சேர்த்துக்கறேன். "ரெண்டும் ஒண்ணை ஒண்ணு இழுக்குது. பூமியும் சும்மா நிக்கலை, அதுவும்..." க்ஹும்... க்ஹும்...

— போதும், நிறுத்துங்க. வலிக்குதா?

— வலி இல்லை. கரகரன்னு இருக்கு, அவ்வளவுதான்.

— பொய்.

— ...கொஞ்சூண்டு வலி.

— பழைய பதிவு இருக்கும்போது, லீவு நாள்ல வந்து இப்படி கஷ்டப்படணுமா?

— சொன்னேன்ல, பழசு கெட்டுப் போச்சு. மேனேஜர் புதுசு கேட்டாரு.

— மேனேஜருக்கு போன் பண்ணேன். பழசு நல்லாத்தான் இருக்காம். அவர் எதையும் கேக்கலையாம்.

— ...எப்ப பண்ணே?

— நேத்தே.

— தெரிஞ்சுமா வந்து உக்காந்திருக்க?

— நீங்க சொல்லுங்க. எதுக்கு இது?

— பழசு, நான் உன்னைப் பாக்கறதுக்கு முன்னாடி பேசினது. அந்த ஆளை உனக்குத் தெரியாது. உன் கூட இருக்கற குரல் இதுதான். நாளைக்கு இது போயிடுச்சுன்னா... நீ கேக்க ஒண்ணு வேணும்ல. நேரா சொன்னா அழுவ. அதான் நிலாவைச் சாக்கு வெச்சேன்.

— நிலாவையா சாக்கு வெச்சீங்க...

— அழறியா?

— இல்லை, வேர்வை.

— ஏசியைப் போடுன்னா கேக்கறியா? சரி, இப்பவாவது பட்டனை அமுக்கு. குரல் இருக்கும்போதே முடிச்சிடலாம்.

— நிலா எனக்கு எதுக்குங்க? வேர்க்குதுன்னு சலிச்சுக்கிட்டது, கத்திரின்னு கூப்பிட்டது, வலி இல்லைன்னு பொய் சொன்னது... எனக்கு அதுதான் வேணும். நீங்க கதவைத் திறந்து உள்ள வந்தப்பவே அமுக்கிட்டேன்.